கறுப்பில் கட்டிய சிவப்பு

"என் கை போயிருச்சு ரெஜினாம்மா" என்றார் ஞானதுரை.

ரெஜினா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு ஸ்பீக்கரின் விளிம்பில் பசை தடவிக்கொண்டிருந்தாள். பசை காய்வதற்குள் வட்டத்தைச் சுற்றி முடித்தாக வேண்டும். முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"எந்தக் கை அண்ணாச்சி?"

"ரெண்டுந்தான்."

"டீ குடிக்கீங்களா?"

"கை போயிருச்சுங்கேன், டீ குடிக்கச் சொல்லுதியே."

"கிளாஸைப் பிடிக்க முடியுதான்னு பாக்கத்தான்."

ஞானதுரை நாற்பது வருஷமாகப் பாளையங்கோட்டையில் கிடார் வாசிக்கிறவர். ஊரில் ஒரு கல்யாண வரவேற்பு நடந்து, அதில் அவருடைய இன்னிசைக் குழு இல்லை என்றால், பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஏதோ தகராறு என்று அர்த்தம். பெயரில் ஞானமும் இருந்தது, துரையும் இருந்தது. துரைதான் எப்போதும் சற்று முந்திக்கொள்வார்.

ரெஜினாவுக்கு முப்பத்தைந்து வயது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். கிழிந்த காகிதக் கோனை மாற்றுவாள். உள்ளே கருகிப்போன காயில் என்ற கம்பிச்சுருளைப் புதிதாகக் கட்டுவாள். கோயில் கொடை, சர்ச் அசன விருந்து, கட்சிக் கூட்டம் என்று எங்கே எது அலறினாலும், அதன் தொண்டை ஒரு தடவையாவது அவள் மேஜைக்கு வந்திருக்கும்.

அவள் அதிகம் பேசமாட்டாள். கேள்வி கேட்டால் பதிலுக்குத் திருப்புளியைக் கையில் கொடுத்துவிடுவாள் என்று மைக் செட்காரர்கள் சொல்வார்கள்.

"எப்ப இருந்து?" என்று கேட்டாள்.

"ஒரு மாசமாச்சு. வாசிச்சா சத்தம் வருது, அதுல உசுரு இல்ல. தகரத்துல தட்டுன மாதிரி இருக்கு. எவ்வளவு அழுத்தி வாசிச்சாலும் தொம்முனு வர அடிச்சத்தம் எழும்ப மாட்டேங்கு."

"குழுவுல மத்தவங்க என்ன சொல்லுதாங்க?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சிங்காங்க. அதாம்மா பயமா இருக்கு. நாப்பது வருஷத்துல ஒருத்தனும் என்கிட்ட இவ்வளவு மரியாதையாப் பேசினதே இல்ல."

ரெஜினா சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"சனிக்கிழமை குழுவுக்கு நாப்பதாவது வருஷ விழா. நான் வாசிக்கலைன்னு சொல்லிரப் போறேன். கிடாரையும் கொடுத்திரப் போறேன். வீட்டுல சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிச்சிரும். அதனால உன்கிட்ட வேலை கத்துக்கிடலாம்னு வந்தேன். என்னைச் சிஷ்யனாச் சேத்துக்கோ."

"உங்களுக்கு என்ன வயசு?"

"அறுபத்தொண்ணு. ஏன், கூடிப்போச்சா?"

"கழத்தி மாட்டத் தெரியுதான்னு முதல்ல பாக்கணும். பெட்டியக் கொண்டாங்க."

"எந்தப் பெட்டியம்மா?"

"நீங்க வாசிக்கிற பெட்டி."

*

மறுநாள் காலையில் ஆட்டோவில் பெட்டி வந்தது. இடுப்பு உயரம். உள்ளே பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். பத்தொன்பது வருஷமாக அவர் எந்த மேடையில் வாசித்தாலும் இந்தப் பெட்டிதான் அவருக்குப் பின்னால் நின்றது.

"இடது கைப்பக்கம் இருக்கது பழசு. வலது கைப்பக்கம் போன மாசம் கருகிப்போச்சு. புதுசு நானே வாங்கி, நானே மாட்டினேன்" என்றார் ஞானதுரை. சிஷ்யனாகச் சேர வந்தவரின் குரல் போல அது இல்லை.

"ரெண்டையும் கழத்துங்க."

கழற்றினார்.

"மாட்டுங்க."

"இதுக்குத்தானா கழத்தச் சொன்ன?"

ரெஜினா திருப்புளியை நீட்டினாள்.

புது ஸ்பீக்கரைப் பொந்தில் உட்காரவைத்து முதல் ஸ்க்ரூவை முழு மூச்சோடு முறுக்கினார். ரெஜினா அதைத் தளர்த்தினாள். மறுபடியும் முறுக்கினார். மறுபடியும் தளர்த்தினாள்.

"என்னம்மா தப்பு?"

"இன்னும் ஏழு இருக்குல்லா?"

அவர் எட்டு ஸ்க்ரூவையும் பார்த்தார். பிறகு இதில் கொஞ்சம், அதற்கு எதிரே இருப்பதில் கொஞ்சம் என்று சுற்றி வந்தார். ஸ்பீக்கர் கோணாமல் சமமாக உட்கார்ந்தது.

பழைய ஸ்பீக்கருக்கு வந்தபோது அவசரப்பட்டார். திருப்புளி நழுவி, கோனுக்கு ஒரு நூல் தள்ளி நின்றது. கோன் என்பது காகிதம்தான். முனை பட்டால் பொத்துக்கொண்டு போய்விடும்.

ரெஜினா தன் உள்ளங்கையைக் கோன்மேல் விரித்து வைத்தாள்.

"கையை எடும்மா. குத்திரும்."

"ம்."

"எடுன்னா."

"அடுத்த ஸ்க்ரூ, அண்ணாச்சி."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினார். ஆறாவதில் மறுபடி நழுவியது. அவள் கையில் ஒரு கீறல் விழுந்து ரத்தம் துளிர்த்தது. ஞானதுரை பதறிப்போய்த் திருப்புளியைக் கீழே போட்டார்.

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டு கோனைக் குனிந்து பார்த்தாள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள்.

*

"இனி வயர்" என்றாள்.

வயர் என்றதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"அது எனக்குத் தெரியும். சிவப்பு வயரு ஸ்பீக்கருக்குப் பின்னால இருக்க சிவப்புப் பொட்டுல, கறுப்பு வயரு கறுப்புப் பொட்டுல. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனா நம்ம மைதீன் பாய்க்குத் தெரியல பாத்துக்கோ."

"எந்த மைதீன் பாய்?"

"நம்ம மைதீன் பிச்சைதான். குழுவுக்கு சவுண்டு பாக்காருல்லா? இந்தப் பழைய ஸ்பீக்கர்ல சிவப்பு வயரைக் கொண்டுபோய்க் கறுப்புப் பொட்டுல கட்டிவச்சிருந்தாரு. புதுசை மாட்டுதப்பத்தான் நான் பாத்தேன். பத்தொம்பது வருஷமாத் தப்பாவே இருந்திருக்கு."

"அவர்கிட்டக் கேட்டீங்களா?"

கேட்டிருந்தார். எப்படிக் கேட்டார் என்பதில்தான் விஷயம். ஒத்திகை நடக்கும் ஹாலில், பாட்டுக்காரர்கள், தபேலாக்காரர் எல்லாரையும் பெட்டிக்குப் பின்னால் கூட்டிவைத்து, டார்ச் அடித்துக் காட்டி, "ஓய் பாய், உமக்குச் சிவப்புக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாதா? இத்தனை வருஷம் குருட்டுப் பூனையை நம்பியா நான் வாசிச்சிருக்கேன்?" என்று கேட்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். மைதீன் பிச்சை அப்போது மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்தார். ஆணியில் மாட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர் அதன்பிறகு வரவில்லை.

ஞானதுரை இதையெல்லாம் ரெஜினாவிடம் சொன்னார். சிரிப்பாகச் சொல்லத் தொடங்கியவருக்கு, பாதியில் சிரிப்பு வரவில்லை.

"அப்புறம் நான் எல்லாத்தையும் ஒழுங்காக் கட்டிட்டேன்" என்று முடித்தார்.

"கை எப்ப போச்சுன்னீங்க?"

"ஒரு மாசம் முன்னால."

"வயரு எப்ப கட்டினீங்க?"

அவர் பெட்டிக்குப் பின்னால் குனிந்து வயரைப் பார்த்தார்.

*

ரெஜினா புது ஸ்பீக்கருக்கு மட்டும் இணைப்புக் கொடுத்தாள். கடையிலிருந்த ஆம்ப்ளிஃபையரில் கிடாரைச் செருகினாள்.

"வாசிங்க."

வாசித்தார். நன்றாக இருந்தது. சத்தம் கொஞ்சம் விறைப்பு, புது வேட்டி மாதிரி. ஆனால் அடிச்சத்தம் வந்தது.

அதைக் கழற்றிவிட்டுப் பழைய ஸ்பீக்கருக்குக் கொடுத்தாள். வாசித்தார். அதுவும் நன்றாக இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

இரண்டையும் சேர்த்து, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் கட்டினாள்.

வாசித்தார். தகரம்.

"கை வந்து வந்து போகுதே அண்ணாச்சி" என்றாள் ரெஜினா.

மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்ன பேட்டரியை எடுத்தாள். அவர் வலது கையைப் பிடித்துப் புது ஸ்பீக்கரின் கோன்மேல் மெல்ல வைத்தாள். இடது கையைப் பழைய ஸ்பீக்கரின் கோன்மேல் வைத்தாள். வயர்களைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸைப் புது ஸ்பீக்கரின் சிவப்புப் பொட்டிலும் மைனஸைக் கறுப்பிலும் தொட்டாள்.

கோன் அவர் வலது கையை வெளியே தள்ளியது.

அதே பிளஸ்ஸைப் பழைய ஸ்பீக்கரின் சிவப்புப் பொட்டில் தொட்டாள்.

இடது கைக்குக் கீழே கோன் உள்ளே போனது.

"இன்னொரு தடவை" என்றார். தொட்டாள். ஒன்று வெளியே வந்தது, ஒன்று உள்ளே போனது.

"இப்படி இருந்தா என்னம்மா ஆகும்?"

"ஒண்ணு தள்ளுத காத்தை இன்னொண்ணு இழுத்துக்கிடும். அடிச்சத்தம் பெட்டிக்கு வெளியவே வராது."

"சிவப்பைக் கறுப்புல கட்டினா?"

ரெஜினா பேட்டரியைத் திருப்பி, பழைய ஸ்பீக்கரின் கறுப்புப் பொட்டில் பிளஸ்ஸைத் தொட்டாள். அவர் இடது கையும் வெளியே வந்தது.

ஞானதுரை கையை எடுக்கவில்லை. மைதீன் பிச்சை வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டியது அவர் கண்முன் வந்தது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

வெட்கம் வந்தால் அவருக்குக் கூடவே கோபமும் வரும்.

"இந்த ஸ்பீக்கருக்குக் காயில் கட்டின மடையன் எவன்? அவன் தலைகீழாக் கட்டினதாலதான் இவ்வளவும்."

அது நியாயமான கேள்விதான். ரெஜினாவுக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எட்டு ஸ்க்ரூவையும் தளர்த்தி, பழைய ஸ்பீக்கரை வெளியே எடுத்துக் கவிழ்த்தாள். மேக்னட்டுக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டத்தில் தூசி படிந்திருந்தது. கட்டை விரலால் தேய்த்தாள்.

பென்சிலில் எழுதிய ஒரு எண் தெரிந்தது. 1.

ரெஜினா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மடையன் இல்ல அண்ணாச்சி" என்றாள். "மடச்சி."

*

அவள் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அவர் கேட்டதில்லை.

"இது நான் கட்டின முதல் ஸ்பீக்கர். அப்ப எனக்குப் பதினாறு வயசு. கடை அப்பாவோடது, அவருக்கு நான் இந்த வேலைக்கு வரது இஷ்டமே இல்ல. நான் ரெண்டு நாள் சாப்பிடல. சரி, ஒண்ணே ஒண்ணு கட்டு, ஆனா வெளிய போன ஸ்பீக்கரு பழுதுன்னு திரும்பி வந்துச்சுன்னா, பேசாம தையல் கிளாஸுக்குப் போயிரணும்னாரு. சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் கையில கொடுத்தாரு."

"வாங்க வந்தது யாரு?"

"மைதீன் பாய்தான். அப்பா சிரிச்சுக்கிட்டே அவர்கிட்டயும் சொல்லிட்டாரு. பாய், இது என் மக கட்டினது, திரும்பி வந்துச்சுன்னா அவளுக்குத் தையல் மிஷினுதான்னு. பாய் என்னைப் பாத்தாரு. நான் அந்தா அந்தச் சுவத்தோரம் நின்னேன்."

ஞானதுரை சுவரைப் பார்த்தார்.

"ஒரு வாரம் தெருமுக்கையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஸ்பீக்கரு வரல. ஒரு மாசம் ஆச்சு, வரல. அப்பா ரெண்டாவது ஸ்பீக்கரை எடுத்து என் முன்னால வச்சாரு."

மேஜைமேல் பசை காய்ந்துகொண்டிருந்த ஸ்பீக்கரை அவர் எட்டிப் பார்த்தார். அதன் சட்டத்திலும் பென்சிலில் ஒரு எண் இருந்தது. 4071.

"முதல் வேலையிலயே பிசகாத கைன்னு அப்பா சாகுத வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு" என்றாள் ரெஜினா. "நானும் நம்பிட்டேன்."

அவள் அழுதாள். அழுகை துக்கத்தினால் வந்தது போலத் தெரியவில்லை. ஞானதுரைக்கு, பத்தொன்பது வருஷமாக மேடையில் தனக்கு விழுந்த கைதட்டல்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அப்போதெல்லாம் பாய் எங்கே நின்றிருப்பார் என்று யோசித்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்த ஞாபகம் இல்லை.

ஸ்பீக்கரைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

"உள்ளேயே காயில் முனையை மாத்தி வச்சிரலாமே. உனக்கு அஞ்சு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது."

"வேண்டாம். பாய் கட்டின மாதிரியே இருக்கட்டும்."

"ஏன்?"

ரெஜினா சூடான சால்டரிங் கோலை அவரிடம் நீட்டினாள். நீட்டிய உள்ளங்கையில் அந்தக் கீறல் இருந்தது. ஞானதுரை கீறலைப் பார்த்தார். கோலை வாங்கிக்கொண்டார்.

பழைய ஸ்பீக்கரை அவரே மாட்டினார். எட்டு ஸ்க்ரூவையும் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். இந்தத் தடவை தன் இடது கையைத் தானே கோன்மேல் வைத்துக்கொண்டார். சிவப்பு வயரைக் கறுப்புப் பொட்டிலும் கறுப்பு வயரைச் சிவப்புப் பொட்டிலும் வைத்து ஈயம் உருக்கினார்.

பிறகு கிடாரை எடுத்து ஒரே ஒரு தடவை கம்பிகளைத் தட்டினார்.

அலமாரியில் தகர டப்பாவிலிருந்த வாஷர்கள் கிலுகிலுத்தன. தரை வழியாக அவர் உள்ளங்காலுக்கு அந்தச் சத்தம் வந்து சேர்ந்தது.

"ஆண்டவரே" என்றார். நன்றி சொல்ல அவருக்கு அப்போது வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"ஆட்டோ பிடிங்க" என்றாள் ரெஜினா, கடைக் கதவைச் சாத்திக்கொண்டே.

"எங்கம்மா?"

"மேலப்பாளையம்."

*

மைதீன் பிச்சை வாசலில் உட்கார்ந்து ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோவில் முதலில் பெட்டி இறங்கியது. பிறகு ஆம்ப்ளிஃபையர். பிறகு ரெஜினா. கடைசியாகத்தான் ஞானதுரை இறங்கினார்.

"வாங்க அண்ணாச்சி" என்றார் பாய், ஒரு மாதம் நடுவில் போனதே தெரியாதவர் போல. "வா மவளே. டீ போடச் சொல்லட்டா?"

"முதல்ல கேளும் பாய்" என்றார் ஞானதுரை.

முன்னறையில் பெட்டியை வைத்து வாசித்தார். பாய் வாசற்படியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் இப்படித்தான் கேட்பார் என்பது ஞானதுரைக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சத்தம் அடங்கியதும் பாய் பெட்டிக்குப் பின்னால் போகவில்லை. குனிந்து பார்க்கவும் இல்லை. "சரியா இருக்கு" என்றார். அதற்குள் உள்ளேயிருந்து டீ வந்திருந்தது.

ஞானதுரை கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

"தப்பு என் மேல பாய். நாலு பேரு முன்னால உங்களைக் கேவலப்படுத்திட்டேன். சனிக்கிழமை அதே நாலு பேரு முன்னால மன்னிப்புக் கேக்கேன். நீங்க வந்து பின்னால நின்னாத்தான் வாசிப்பேன்."

நாற்பது வருஷத்தில் அவர் பாயை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"வாரேன், வாரேன். மன்னிப்பெல்லாம் எதுக்கு? டீ ஆறிரும், குடிங்க."

ஞானதுரை டீயைத் தொடவில்லை. ஒரு மாதமாக இல்லாத கேள்வி ஒன்று இப்போது அவரை அரித்தது.

"அன்னைக்கு அத்தனை பேரும் சிரிச்சாங்க. நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். கோளாறு ஸ்பீக்கர்ல இருக்கு, நான் சரியாத்தான் கட்டியிருக்கேன்னு நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயைப் பொத்தியிருப்பேன். ஏன் பாய் சொல்லல?"

மைதீன் பிச்சை ரெஜினாவைப் பார்த்தார். சுவரோரம் நின்றவளை அன்றைக்குப் பார்த்தது போலவே பார்த்தார்.

"சொல்லியிருந்தா, இவ கட்டின முதல் ஸ்பீக்கரு கடைக்குத் திரும்பி வந்திருக்குமே."